ஜெபக் குறிப்பில் பெயர் வேண்டாம்

நடத்தை பிடிக்காத ஒருவரை எப்படி நேசிப்பது என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது கேட்டால், உடனே வருகிற பதில், "ஜெபியுங்க சிஸ்டர்." நான் அதற்கும் முன்னால் ஒன்று சொல்வேன். முதலில் அவர்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள், ஜெபக் கூட்டத்திலும்கூட.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தாத்தா உபதேசியார் என்பதால் வீட்டில் பைபிளுக்குக் குறைவில்லை, தீர்ப்புக்கும் குறைவில்லை. என் தங்கச்சி மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஒரு பையனோடு கல்யாணம் ஆகாமலே ஒரே வீட்டில் இருக்கிறாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி குடிக்கிறவர். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 'அதெல்லாம் தப்பே கிடையாது' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம், இதைப் படிக்கவே வேண்டாம். தப்பு என்று நினைத்துக்கொண்டே நேசிக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

ஜெபக் குறிப்பு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். உபவாசக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "நம்ம சபைப் பிள்ளை ஒண்ணு வழி தவறிப் போச்சு, பேர் சொல்ல வேண்டாம்" என்று ஆரம்பிப்பார். அடுத்த வாக்கியத்தில் எந்தத் தெரு, அதற்கடுத்ததில் தகப்பனார் எந்த ஆபீஸ். ஆமென் சொல்லுமுன் விஷயம் வண்ணாரப்பேட்டையைத் தாண்டிவிடும். அந்தப் பிள்ளைக்கு இது எப்படியும் போய்ச் சேரும். 'பெரியம்மா என்மேல் பாசமாக இருக்கிறாள்' என்று அது நினைத்திருந்தால், அன்றோடு சரி.

ஆகவே தனியாக ஜெபியுங்கள், கதவைப் பூட்டிக்கொண்டு. கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் "ஒரு குடும்பத்துக்காக" என்பதோடு நிறுத்துங்கள். "யாருக்கா?" என்று கேட்டால், "ஆண்டவருக்குத் தெரியும்ளா" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். உங்களிடமே வந்து, "உங்க தங்கச்சி மவளைப் பத்தி ஒண்ணு கேள்விப்பட்டேன்" என்று இழுத்தால், "எதுன்னாலும் அவளே எங்கிட்ட சொல்லுவா" என்று ஒரே வரி. இரண்டு மூன்று பேரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பிறகு உங்களிடம் கொண்டுவர மாட்டார்கள். கொஞ்சம் தனிமையாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வம்பில் கிடைக்கிற சிநேகம் சாதாரணமானதல்ல.

அடுத்த வேலைக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்பதை எழுதுங்கள். 'அவள் நடத்தை சரியில்லை' என்று மொத்தமாக எழுதக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி: ஊரில் ஒருவருக்குமே தெரியாது என்றால் இது என்னை இப்படி அரிக்குமா? அரிக்காது என்றால் அது பாவத்தைப் பற்றிய துக்கமில்லை, நம் மானத்தைப் பற்றியது. அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி நடந்த பேச்சில் பாதி, பையன் நம்ம ஆட்கள் இல்லை என்பதுதான். கோயிலுக்குள் யாரும் சாதியை வாய்விட்டுச் சொல்வதில்லை, சம்பந்தம் பேசும்போது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். அந்த வரியை வேதவசனத்தைக் கொண்டு தாங்கிப் பிடிக்க முடியாது. கையில் பச்சை குத்தியது, முடியை வெட்டிக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவது, எல்லாம் அடிபடும். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். உங்களுக்கும் அவளுக்கும் நடுவே இருக்கிற உண்மையான பேதம் அந்த அளவுதான்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதையில், இளைய குமாரன் தூர தேசத்தில் துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி ஆஸ்தியை அழித்தான் என்று 13ஆம் வசனம் சொல்கிறது. என்னென்ன செய்தான் என்று சொல்லவில்லை. வேசிகளிடத்தில் அழித்தான் என்பது 30ஆம் வசனத்தில் வருகிறது, அதுவும் மூத்தவன் வாயில். அவன் வயலிலிருந்து அப்போதுதான் வருகிறான். தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு யார் சொன்னது? பிடிக்காத ஆளைப் பற்றி நம் மனம் இப்படித்தான் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பாடம் தெருவிலேயே நிற்கிறது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று நாம் சொல்கிற பழைய ஆலயத்தைக் கட்டிய குளோரிந்தா யார்? தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு, முறைப்படி கல்யாணமாகாமல் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778ல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780ல் சபை உருவானபோது பதிவேட்டில் சுமார் 40 பேர். அவர்களில் முன்நின்றவர் இந்த அம்மாள். 1785ல் அவர் முயற்சியால் எழும்பிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ததும் சுவார்ட்ஸ் ஐயர்தான்.

சுவார்ட்ஸ் மறுத்ததில் எனக்குக் குறை இல்லை. அவர் மனதுக்குச் சரியென்று பட்டதைச் சொன்னார். ஆனால் அந்த அம்மாள் மறுபடியும் அவரிடமே கேட்க முடிந்ததே, அதைத்தான் பலமுறை யோசித்திருக்கிறேன். முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தால் திரும்ப வந்திருப்பாரா? திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை இந்த அம்மாளை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது. அப்படிப்பட்ட சபையில் உட்கார்ந்துகொண்டு 'சேர்ந்து வாழுகிறவள்' என்று மூக்கைச் சுளிக்கிறோம்.

உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுமா? சொல்லலாம், ஒரே ஒரு தடவை, நேரில், தனியாக. உரிமையுள்ள உறவாக இருந்தால் மட்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏட்டி, எனக்கு இது சரியாப் படல. கல்யாணம் முடிச்சிட்டு இருங்கன்னுதான் சொல்லுவேன். இனி இதைப் பத்திப் பேச மாட்டேன். நீ எப்பவும் போல வா." அவள் "சரி பெரியம்மா" என்றாள், வேறொன்றும் இல்லை. அதற்குப்பின் வாக்கைக் காப்பாற்றுவதுதான் பாடு. குத்தலாக வாட்ஸாப் ஸ்டேட்டஸில், விவாகத்தைப் பற்றிய எபிரெயர் 13:4ஐப் போடுவது பேச்சில்தான் சேரும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு' என்று பெருமூச்சு விடுவதும் அதே கணக்குதான். பிரசங்கம் முடிந்து லிங்க் அனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம்.

வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் ஒழுங்கை முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு என் அறையில் படுக்கை, பையனுக்கு மாடி அறை. இதைப் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது சொன்னால் அவமானம், ஒரு வாரத்துக்கு முன் சொன்னால் வீட்டு வழக்கம். ஒத்துவராவிட்டால் லாட்ஜில் தங்கட்டும், சாப்பாடு நம் வீட்டில். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'அந்தப் பையன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நமக்கே அவன் மனுஷனாகத் தெரிய மாட்டான். அவன் அப்பா அம்மா சுகமா, வேலை எப்படி, தோசையா இட்லியா என்று கேட்க ஆயிரம் இருக்கிறது. சொதிக் குழம்பு வைத்தால் மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிடுகிறவன் என்று கண்டுபிடித்தேன். அதற்குமேல் அவனை வெறுப்பது கஷ்டமாகிவிட்டது.

குடிக்கிறவர் விஷயம் வேறு. அங்கே மௌனம் மட்டும் போதாது. கையில் காசு கொடுக்காதீர்கள், மருந்துக்கு என்று கேட்டாலும் மருந்தையே வாங்கிக் கொடுங்கள். சாப்பாடு எப்போது கேட்டாலும் கொடுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவரை ஜெபவீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்கிறார்கள், அது ஆபத்து. கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிரே போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜெபித்துக்கொண்டே கூட்டிப் போங்கள், ஜெபம் கெட்டுப்போகாது. அவர் வீட்டில் அடிக்கிறவராக இருந்தால், நேசிக்க வேண்டிய முதல் ஆள் அவர் மனைவி. "பொறுத்துக்கோம்மா, மாறிருவாரு" என்று அந்த அம்மாவிடம் சொல்வது அன்பே இல்லை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். அந்த அம்மா ராத்திரி கதவைத் தட்டினால் திறக்க வேண்டும், மறுநாள் 'சமாதானமாகப் போங்க' என்று திருப்பி அனுப்பக்கூடாது.

இந்த இடத்தில் யாராவது 1 கொரிந்தியர் 5:11ஐத் திறப்பார்கள். அப்படிப்பட்டவனோடு புசிக்கவுங்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே? எழுதியிருக்கிறார். முழுவதும் வாசியுங்கள். அதற்கு முந்தின வசனத்திலேயே, உலகத்தாரோடு கலக்கக்கூடாது என்று சொல்லவில்லை, அப்படியானால் உலகத்தைவிட்டே போகவேண்டியிருக்கும் என்கிறார். பையன் சபைக்கு வெளியே உள்ளவன், ஆகவே அவனுக்கு இலை போடத் தடை இல்லை. சபைக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு என்றால், 11ஆம் வசனத்தின் பட்டியலில் விபசாரக்காரனுக்குப் பக்கத்திலேயே பொருளாசைக்காரன் இருக்கிறான், பிறரைப் பழித்துப் பேசுகிற உதாசினன் இருக்கிறான். நூறு பவுனும் காரும் வாங்கிக் கல்யாணம் முடித்த வீட்டுக்கு அசன விருந்தில் இலை போடாமல் விட்ட சபையை நான் பார்த்ததில்லை. வாயால் பிறரைக் கிழிக்கிறவர்களை விலக்கினால் எங்கள் சங்கத்தில் கூட்டம் நடத்தவே ஆள் சேராது. பட்டியலை முழுதாக அமல்படுத்துகிறவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

இவ்வளவும் செய்தாலும் மனதில் அந்தச் சுளிப்பு இருக்கும். சில நாள் அவள் போன் வந்தால் எடுக்கவே தோன்றாது. எடுத்துவிடுங்கள். மனசு வந்தபின் அன்பு காட்டலாம் என்று காத்திருந்தால் வராது. கை முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும், வராமலும் போகலாம். மனம் திருந்தட்டும் என்று கணக்குப் போட்டு அன்பு காட்டுவதும் ஆகாது. பிள்ளைகள் அதை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்வாளா என்று எனக்குத் தெரியாது. கேட்பதில்லை.

கிறிஸ்துமஸ் வருகிறது. துணி எடுக்கும்போது பையனுக்கும் ஒரு சட்டை எடுங்கள், அளவை அவளிடமே கேட்டு வாங்குங்கள். விடியற்கால ஆராதனைக்கு அவர்கள் வந்தால், பின்பெஞ்சில் விட்டுவிட்டு உங்கள் வழக்கமான இடத்துக்குப் போகாதீர்கள். அவர்களோடு உட்காருங்கள். வெளியே வரும்போது யாராவது "இது யாரு?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க" என்று சொல்லுங்கள். மேலும் கேட்டால் கேக் எடுத்து நீட்டுங்கள்.