ஆங்கிலம் கற்பிக்கத் தாய்லாந்து செல்வது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற விரும்பும் இந்தியர்களுக்கு எல்லா நாடுகளும் ஒரே அளவில் வாய்ப்பளிப்பதில்லை. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஏழு நாட்டவரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. 2010இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டு வணிக ஒப்பந்தத்தின் வழியே இந்தியருக்கும் அதில் இடமுண்டு என்றாலும், ஆசிரியர் உரிமம் இல்லாதவர்கள் அதை நினைத்துப் பார்க்க முடியாது. அதனுடன் ஒப்பிட்டால், ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டமும் நல்ல ஆங்கிலமும் உள்ளவர்களுக்குத் தாய்லாந்து எளிதாகக் கைக்கு எட்டக்கூடிய நாடு. அங்கே வேலை கிடைக்காமல் திரும்புகிறவர்களைவிட, ஆவணங்களை வரிசை மாற்றிச் செய்து சிக்கிக்கொள்கிறவர்களே அதிகம் என்பது என் கருத்து. ஆகவே இந்த விளக்கம் அந்த வரிசையையே பின்பற்றுகிறது.

படி 1: நம் இடம் எது என்று தெரிந்துகொள்வது

தாய்லாந்து வேலை விளம்பரங்கள் ஆசிரியர்களை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்.இ.எஸ்.; மற்றவர்கள் என்.என்.இ.எஸ். பள்ளியும் கல்லூரியும் முழுக்க ஆங்கில வழியில் படித்திருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இரண்டாம் வகையில்தான் சேர்க்கப்படுவார். முதல் வகையினருக்குப் பொதுவாக 30,000 முதல் 40,000 பாத் வரை மாத ஊதியம் பேசப்படும் பள்ளிகளில், இரண்டாம் வகையினருக்கு அதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். இது நியாயமற்ற பாகுபாடுதான். ஆனால் நேர்காணலில் அதைப் பற்றி வாதிடுவதால் பயனில்லை. பாங்காக், சியாங் மாய், புக்கெட் ஆகிய இடங்களில் மட்டும் தேடாமல், ஈசான் எனப்படும் வடகிழக்கு மாகாணங்களிலும் தேடினால் போட்டி குறைவு, வாடகையும் குறைவு.

படி 2: சான்றிதழ்கள்

இதை விண்ணப்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையுடன் மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருந்தாலும், தாய்லாந்து இதுவரை அதில் இல்லாததால், அபோஸ்டில் முத்திரை அங்கே செல்லாது. பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கடைசியாகத் தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பம் என்ற வரிசையில் அட்டெஸ்டேஷன் பெற வேண்டும். வெளியுறவு அமைச்சகம் தனிநபரிடம் நேரடியாக ஆவணங்களை வாங்குவதில்லை. அது நியமித்திருக்கும் முகமை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருப்பதால் கடைசிக் கட்டத்துக்காக டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

பாஸ்போர்ட் சேவை இணையதளம் வழியாகப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இதை மிகவும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள், ஏனெனில் சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பள்ளிகள் கேட்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே உண்டு. நம் பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இன்ஷியலாக இருக்கும். கடவுச்சீட்டில் அதே இன்ஷியல் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடமே காலியாக விடப்பட்டிருக்கும். குடும்பப் பெயர் இல்லாத மனிதரைத் தாய்லாந்து அலுவலகப் படிவங்கள் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு ஆவணங்களிலும் இருப்பவர் ஒருவர்தானா என்ற கேள்வி பள்ளியில் ஒருமுறை, தொழிலாளர் துறையில் ஒருமுறை, குடிவரவு அலுவலகத்தில் ஒருமுறை எழும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் முதலில் அதைத் திருத்தி மறுபதிப்புப் பெறுங்கள். பட்டச் சான்றிதழில் வேறுபாடு இருந்தால், இரு பெயர்களும் ஒருவருடையவையே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் மற்ற ஆவணங்களுடன் சான்றொப்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரையுள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வேலைக்காகச் செல்லும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால், பட்டதாரியின் கடவுச்சீட்டில் பழைய முத்திரை தங்கியிருந்தால் அதையும் இதே வேளையில் நீக்கிக்கொள்ளலாம்.

படி 3: பயிற்சியும் தேர்வும்

பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான, டெஃபல் அல்லது டெசால் எனப்படும் 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழைப் பெரும்பாலான பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. வீட்டில் இருந்தபடியே படித்து வாங்கும் மலிவான சான்றிதழ் விண்ணப்பத்தைத் தாண்டச் செய்யும். வகுப்பறையில் நிற்கக் கற்றுத் தராது. வசதியுள்ளவர்கள் கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பைப் பரிசீலிக்கலாம், ஏனெனில் அதில் உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்டிய பிறகே சான்றிதழ் தருவார்கள். இவற்றோடு, இரண்டாம் வகை ஆசிரியர்களிடம் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். டோயிக் தேர்வில் 990க்கு 600 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம்.

படி 4: விண்ணப்பமும் டெமோ வகுப்பும்

தாய்லாந்தில் கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இடையில் அக்டோபர் விடுமுறை. ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் அதிகமாக ஆள் எடுப்பார்கள், அக்டோபரில் சிறிதளவு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு என்பதால் அந்த வாரம் மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

நேர்காணலில் நடத்திக் காட்டும் டெமோ வகுப்பில் இலக்கணம் விளக்கத் தொடங்காதீர்கள். தாய் மொழியில் சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்யொலிகள் மிகச் சிலவே. லகரமும் சகரமும் இறுதியில் நிற்காது என்பதால் அவர்கள் வாயில் ‘ஸ்கூல்’ என்பது ‘சகூன்’ ஆகிவிடும், ‘பால்’ என்னும் பந்து ‘பான்’ ஆகிவிடும். நாற்பது குழந்தைகளைக் கொண்ட வகுப்பில் பத்துப் படங்களைக் காட்டி, இறுதி ஒலியை மட்டும் கைதட்டலோடு சொல்ல வைக்கும் ஒரு விளையாட்டு, நேர்காணல் நடத்துவோரை எளிதில் கவரும். நம் நாக்குக்கும் இது நல்ல பயிற்சி. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று தொடங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

படி 5: ஒப்பந்தமும் ஓர் எச்சரிக்கையும்

ஆண்டுக்கு 12 மாத ஊதியமா, விடுமுறை நீங்கலாக 10 மாதமா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெறாமல் கையெழுத்திடக் கூடாது.

“சுற்றுலாப் பயணியாக வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்வோம்” என்று சொல்கிறவர் பள்ளியாக இருந்தாலும் ஏஜென்சியாக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் புறப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2022இல் சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். பள்ளியின் பெயரையும் முகவரியையும் நீங்களே தேடி, அதன் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 6: விசா

தேவையானது நான்-இமிகிரண்ட் பி விசா. பள்ளி அனுப்பும் நியமனக் கடிதம், பள்ளியின் பதிவு ஆவணங்கள், உங்கள் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன், 2025 ஜனவரி முதல் இந்தியாவிலும் நடைமுறையில் இருக்கும் தாய்லாந்து இ-விசா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாய்லாந்து சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்.

முதல் ஊதியம் மாத இறுதியில்தான் வரும். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் ஒரே நாளில் கேட்பது அங்கே வழக்கம். ஆகவே இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம்.

படி 7: சென்று இறங்கிய பிறகு

வீட்டு உரிமையாளர் நீங்கள் தங்கியிருப்பதை டிஎம்30 படிவத்தின் மூலம் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ரசீது இல்லாமல் அடுத்த வேலைகள் பெரும்பாலும் நகராது. விசா 90 நாள் தங்க அனுமதிக்கும். அதற்குள் ஒர்க் பெர்மிட் வாங்க வேண்டும். அதற்கான மருத்துவச் சான்றிதழில் காசநோய், தொழுநோய், யானைக்கால் நோய் இல்லை என்று உள்ளூர் மருத்துவர் எழுதித் தருவார். பள்ளிகளில் கற்பிக்க ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் அனுமதியும் வேண்டும். உரிமம் இல்லாதவர்களுக்காகப் பள்ளியே விண்ணப்பித்து இரண்டு ஆண்டுக்கான தற்காலிக அனுமதியைப் பெற்றுத் தரும். பி.எட். முடித்தவர்கள் முழு உரிமத்துக்கு முயலலாம். பிறகு 1,900 பாத் கட்டி, தங்கும் அனுமதியை ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம்.

நீட்டித்த பிறகும் ஒவ்வொரு 90 நாளுக்கும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். காலக்கெடு முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாத் அபராதம். பொங்கலுக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ ஊருக்கு வருவதானால், கிளம்பும் முன் 1,000 பாத் செலுத்தி ஒருமுறை மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் ஓராண்டு நீட்டிப்பு அன்றே ரத்தாகிவிடும், மீண்டும் ஆறாம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.