டிஜிட்டல் எக்ஸ்ரே வந்த பிறகு நடக்கும் புதுத் தவறுகள்

ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷர், அதாவது கொடுக்கும் கதிர், கூடினால் படம் கருத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும், டார்க்ரூமிலிருந்து எடுத்து லைட் பாக்ஸில் மாட்டியதுமே குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது ஃபிலிமுக்குப் பதிலாகக் கதிரை வாங்கும் மின்னணுப் பலகையான ஃபிளாட் பேனல் டிடெக்டர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தேவைக்கு நாலு மடங்கு கதிர் கொடுத்தாலும் மென்பொருள் சரிக்கட்டி, பளிச்சென்று ஒரு படத்தைத் திரையில் வைத்துவிடும். குறைத்துக் கொடுத்தால் படம் பொரிபொரியாக வரும், ரேடியாலஜிஸ்ட் கூப்பிட்டுத் திட்டுவார்; அதிகமாகக் கொடுத்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், படம் சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டுகூடக் கிடைக்கும். அப்புறம் கதிரின் அளவை முடிவு செய்யும் எம்.ஏ.எஸ். செட்டிங்கை எந்த டெக்னீஷியன் குறைப்பார்? யாருக்கும் தெரியாமல் அளவு ஏறிக்கொண்டே போகும்.

இதைப் பிடிக்கத்தான் படத்தின் ஓரத்தில் டி.ஐ. (டீவியேஷன் இண்டெக்ஸ், கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்பது) என்று ஓர் எண் வருகிறது, பல இடங்களில் அதை யாரும் பார்ப்பதே இல்லை. முன்பு கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. ஃபியூஜியில் எஸ் எண் குறைந்தால் கதிர் கூடியிருக்கிறது என்று பொருள், கோடக்கில் எண் கூடினால் கதிர் கூடியது. இரண்டு மெஷினும் உள்ள இடத்தில் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2008ல் ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை வந்து இதைப் பொதுவாக்கியது. டி.ஐ. 0 என்றால் இலக்குப்படி, +3 என்றால் ஏறக்குறைய இரு மடங்கு, +6 என்றால் நாலு மடங்கு, −3 என்றால் பாதி. ஆனால் இலக்கை உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மருத்துவமனைதான் யோசித்து வைக்க வேண்டும். மெஷின் மாட்ட வந்த இன்ஜினியர் வைத்துவிட்டுப் போனதையே அப்படியே விட்டிருந்தால் அந்த எண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. இடுப்பை எடுத்துவிட்டு மெனுவில் நெஞ்சு என்று தட்டினாலும் கணக்கு தப்பும். இன்னொன்று, டி.ஐ. காட்டுவது டிடெக்டருக்கு வந்து சேர்ந்த கதிரைத்தான், நோயாளி வாங்கியது அல்ல. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் டி.ஐ. ஒரே 0 வரலாம், பருமனானவர் உடம்பு வாங்கியது பல மடங்காக இருக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கிராப் செய்யும் பழக்கத்தைப் பார்த்துத்தான். குழந்தைக்கு நெஞ்சுப் படம், கதிர் பாயும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரை விரியத் திறந்து கழுத்திலிருந்து வயிறுவரை எடுத்துவிட்டு, திரையில் ஓரங்களை வெட்டி அழகாக அனுப்புகிறார்கள். வெட்டியது படத்தைத்தான், வயிற்றில் பட்ட கதிரை அல்ல. பீம் அகலமானால் சிதறும் கதிரும் கூடிப் படத்தின் தெளிவும் குறையும் என்பது வேறு. இடுப்புப் படத்தில் பிறப்புறுப்பை மறைக்க வைக்கும் ஈயத்தகடு இதற்கு நேர்மாறான கதை. நல்ல எண்ணத்தில் வைப்பதுதான், ஆனால் போதுமான கதிர் வந்ததும் நிறுத்தச் சொல்லும் தானியங்கி எக்ஸ்போஷர் சென்சாரை அது மறைத்துவிட்டால் கதிர் போதவில்லை என்று நினைத்து மெஷின் இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019ல் இதை வழக்கமாகச் செய்வதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

அடுத்து கேலிப்ரேஷன். பேனலில் எல்லா பிக்ஸலும் ஒரே மாதிரி வேலை செய்யாது, அதனால் குறுக்கே எதுவும் இல்லாமல் வெறும் எக்ஸ்போஷர் கொடுத்து எது கூடுதலாகக் காட்டுகிறது, எது குறைவாகக் காட்டுகிறது என்று கணக்கெடுத்து, பிறகு வரும் படங்களில் மெஷின் அதைச் சரிசெய்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து பேனல்மேல் கதிரைத் தடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஒரு துளி காய்ந்து கிடந்தால், அதன் நிழலையும் பேனலின் குறை என்றே எடுத்துக்கொள்ளும். மறுநாள் யாராவது துடைத்துவிட்டால் போச்சு, அதே இடத்தில் வருகிற போகிற எல்லார் படத்திலும் ஒரு கரும்புள்ளி. கேலிப்ரேஷனுக்கு முன் ஒருமுறை துடைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சிகிச்சையின்போதே எக்ஸ்ரேயை ஓடும் படமாகக் காட்டும் சி-ஆர்ம் மெஷின், இதய ரத்தக்குழாய் சிகிச்சை செய்யும் கேத்லேப் பக்கம் வந்தால், கதிரை வெளிச்சமாக்கிக் கூட்டிக் காட்டும் பழைய இமேஜ் இன்டென்சிஃபையர் குழாயை எடுத்துவிட்டு ஃபிளாட் பேனல் போட்டாலே கதிர் தானாகக் குறைந்துவிடும் என்ற நினைப்பு இருக்கிறது. படத்தின் ஓரம் வளையாது, சரி. ஆனால் நொடிக்கு 15 பல்ஸ் (விட்டுவிட்டு வரும் கதிர்த் துடிப்பு) என்று செட் செய்திருந்தால் அது 15 பல்ஸ்தான், 7.5 போதுமான வேலைக்கு நீங்கள்தான் குறைக்க வேண்டும். பேனலை நோயாளியிடம் நெருக்கி வையுங்கள், டியூப் மேஜைக்கு அடியில் இருக்கட்டும். பக்கவாட்டில் எடுக்கும்போது டியூப் பக்கம் நிற்காதீர்கள், நோயாளி உடம்பில் பட்டுத் தெறிக்கும் கதிர் அந்தப் பக்கம்தான் அதிகம், டிடெக்டர் பக்கம் வாருங்கள். மேக்னிஃபிகேஷன் பட்டனைத் தட்டினால் பெரும்பாலான மெஷின்களில் கதிர் ஏறும். கடைசிப் படம் திரையில் நிற்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பல நேரம் போதும். அதற்காக மறுபடி பெடலை மிதிக்க வேண்டியதில்லை. ஊழியர் வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஈய ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே ரூமிலேயே மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது, அது சுவர் வாங்கிய கதிரைத்தான் காட்டும்.

புதிதாக வாங்குகிறவர்களிடம் இப்போது ஃபோட்டான் கவுன்டிங் (கதிரின் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுவது) பற்றி நிறையப் பேசுகிறார்கள். சீமென்ஸின் நியோடாம் ஆல்ஃபாவுக்கு 2021ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேட்மியம் டெலுரைடு டிடெக்டர், ஒவ்வொரு ஃபோட்டானையும் அதன் ஆற்றலோடு எண்ணும், நிஜமாகவே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது சி.டி. ஸ்கேனர். அந்தப் பெயரை வைத்து சாதாரண எக்ஸ்ரே பேனலுக்கு விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். வயர்லெஸ் பேனல் வாங்கும்போது கேட்க வேண்டியது வேறு. கைதவறிக் கீழே விழுந்தால் யார் செலவு? பல வாரண்டிகளில் அது வராது, நடுராத்திரி வார்டில் போர்ட்டபிள் எடுக்கும்போதுதான் விழும். கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.