லேபிளில் சல்பைட்டைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

சல்பைட் என்பது உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்க்கும் கந்தக வகை வேதிப்பொருள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது கலந்த உணவு உள்ளே போன சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி வீசிங் வந்துவிடும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் தானாக வரும். படித்தும் கோட்டை விடுகிறோம் என்பதுதான் கவலை.

முதல் தவறு, 'சல்பைட்' என்ற பெயரை மட்டும் தேடுவது. பல பாக்கெட்டுகளில் வெறும் எண்தான் இருக்கும். 220 என்றால் சல்பர் டை ஆக்சைடு. 223 சோடியம் மெட்டாபைசல்பைட். 220 முதல் 228 வரை எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

அடுத்தது, 'பிரிசர்வேட்டிவ்' என்ற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது. ஸ்குவாஷ் பாட்டிலில் அங்கேதான் இருக்கும், சரி. பிஸ்கட்டில் அப்படியில்லை. பிசைந்த மாவு இளகி, தேய்த்தபின் சுருங்காமல் இருக்க 223 சேர்ப்பதுண்டு. அது 'டோ கண்டிஷனர்', 'ஃப்ளோர் ட்ரீட்மென்ட் ஏஜென்ட்' என்ற பெயர்களில் வரும். கெடாமல் காக்கும் வேலையே அதற்கு அங்கே இல்லை. அதனால் பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரியை முதலில் படியுங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும் என்பது இந்திய விதி.

உதிரியாக வாங்கும் பொருளில் இந்த வரியே கிடையாது. அங்கே நிறம்தான் துப்பு. பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட் கந்தகப் புகை, அதாவது சல்பர் டை ஆக்சைடு பட்டது; படாதது பழுப்பாகிவிடும். தங்க மஞ்சள் உலர் திராட்சையும் பெரும்பாலும் அப்படித்தான். இறால் ஓடு கறுக்காமல் இருக்கவும் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்குவார்கள். வெல்லத்தை வெளுப்பாக்க சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுவதால், கருத்த வெல்லத்தையே கேட்டு வாங்கலாம்.

கழுவினாலோ கொதிக்க வைத்தாலோ முழுதாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். கொஞ்சம் குறையும், உணவோடு பிணைந்தது அப்படியே இருக்கும்.

மருந்து விஷயத்தில் பதற்றம் வேண்டாம். ஆஸ்துமாவுக்குத் தரும் இன்ஹேலர் டப்பாவில் 'சால்பூட்டமால் சல்பேட்' என்று இருக்கலாம். சல்பேட் வேறு பொருள். அதைப் பார்த்து பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். சல்பைட்டால் மூச்சிரைப்பு வந்தாலும் உடனே கைகொடுப்பது அதுதான்.