திட்ட மேலாண்மைக்குப் புதியவரா? முதலில் மழைநீர்த் தொட்டியைத் தூர்வாருங்கள்

"திட்ட மேலாளர் ஆக வேண்டும், எந்தப் படிப்பில் சேரலாம்?" என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இதுவரை எதையாவது தொடங்கி, நான்கு பேரை வேலை வாங்கி, சொன்ன தேதியில் முடித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பதில் வராது. நேர்முகத் தேர்விலும் இதே கேள்வி வேறு வேறு உருவில் வந்து நிற்கும். புதியவர் கையில் எந்த அலுவலகமும் திட்டத்தைத் தூக்கிக் கொடுக்காது; நீங்களே ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் அடுக்ககத்திலும் ஓர் உறைகிணறோ வடிகட்டும் தொட்டியோ இருக்கும். அதன் மூடியைப் பல ஆண்டுகளாக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். பருவமழைக்கு முன் அதைத் தூர்வாரி முடியுங்கள். பணம், ஆட்கள், தேதி, முணுமுணுக்கும் குடியிருப்பாளர்கள் என்று திட்டத்துக்கு உரிய எல்லாத் தலைவலியும் இதில் உண்டு.

படி 1: தேதியைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். செப்டம்பர் மாலைகளிலும் இடியோடு கொட்டும் ஊர் இது. ஆகவே செப்டம்பர் 30-ஐ முடிவு நாளாக வைத்துப் பின்னோக்கி வாருங்கள். எட்டு வாரம் எண்ணினால் ஆடியில் போய் நிற்பீர்கள். ஆடியில் புது வேலையில் கைவைக்க மறுக்கும் மேஸ்திரிகள் உண்டு. அந்த நாட்களை ஒப்புதலுக்கும் வசூலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியும் திட்டக் கருவிதான். வெள்ளிக்கிழமை 10.30-க்கு வேலை தொடங்கும் என்று எழுதினால், ராகு காலம் கழிந்து 12 மணிக்குத்தான் கடப்பாரை தரையில் இறங்கும். பகுத்தறிவு வாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

என்ன செய்யப்போகிறோம், யாருக்கு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்தில் என்று நான்கு வரி. ஐந்தாவது வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள்: எதைச் செய்யப்போவதில்லை.

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் மூன்றாம் மாடிப் பெரியவர் இறங்கி வருவார். "ஆள்தான் வந்திருக்கிறதே தம்பி, அப்படியே சம்ப்பையும் கழுவிவிடலாமே" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு நியாயமாகச் சேர்ந்து வேலை வீங்குவதைத் துறையில் ஸ்கோப் க்ரீப் என்பார்கள். அவரிடம் முடியாது என்று சொல்லாதீர்கள், சரி என்றும் தலையாட்டாதீர்கள். "செய்யலாம் சார். இன்னும் இரண்டு நாளும் இவ்வளவு பணமும் ஆகும். சங்கச் செயலாளர் ஒப்புக்கொண்டால் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த ஒரு பதிலைக் கூசாமல் சொல்ல எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

படி 3: வேலையை உடைத்து, கோத்து, நாள் கணக்கிடுங்கள்

மாடியைப் பெருக்குவது, குழாய் அடைப்பை எடுப்பது, மணலையும் கூழாங்கல்லையும் அள்ளிக் கழுவுவது, சேற்றை அகற்றுவது, மறுபடி நிரப்புவது. இவற்றுக்கு முன்னால் செயலாளரின் ஒப்புதல், மூன்று இடங்களில் விலைப்புள்ளி, வீடுவீடாக வசூல். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி போடுங்கள். இருப்பதிலேயே அதிக நாள் பிடிக்கும் சங்கிலிக்குக் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். சேறு அள்ளுவதுதான் இழுக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அம்பு போட்டுப் பார்த்தால் வசூல்தான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு வீட்டுக்காரர் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பார்.

நாட்களை நீங்களாக ஊகிக்காமல், வேலை செய்யப்போகிறவரையே கேளுங்கள். மூன்று எண் வாங்குங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். அவர் 2, 3, 10 என்றால், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 4 நாள். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவாக்கிய பெர்ட் முறை இது. சேற்றுத் தொட்டிக்கும் பொருந்துகிறது.

படி 4: ஒரு வேலைக்கு ஒரு பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தின் உள்ளலங்கார வேலையைக் கவனித்தேன். கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கும் வேலைக்கு நேராக "நிர்வாகக் குழு" என்று எழுதியிருந்தேன். குழுவில் ஐந்து பேர். மற்றவர் விண்ணப்பித்திருப்பார் என்று ஐவரும் இருந்துவிட்டார்கள். நாற்காலி வந்தது, ஏசி வந்தது, திறப்பு விழாவுக்கு வாழைமரம்கூட வந்தது. மூன்று வாரம் ஜெனரேட்டரில் ஓட்டினோம். டீசல் பில் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டபோது, அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுத எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அதே தாளில் என்னென்ன கெடலாம் என்றும் எழுதுங்கள். மூடிக் கிடந்த கிணற்றில் நச்சுக்காற்று இருக்கலாம். ஆளை உள்ளே இறக்கவே கூடாது, மேலிருந்தே இயந்திரத்தால் அள்ளுபவரைத் தேடுங்கள். கழிவுநீர்க் குழாய் கசிந்து தொட்டியில் கலந்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டிலும் தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

படி 5: தினமும் மூன்று வரி

மாலையில் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்: "இன்று முடிந்தது: இரண்டு குழாய்கள். நாளை: மணல் கழுவுதல். தடை: இரண்டு வீட்டுப் பணம் வரவில்லை, செயலாளர் நாளை பேசுகிறார்." மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் முறையில் தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுவதும் ஏறக்குறைய இதற்குத்தான். "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பொருள் கிடையாது.

படி 6: சான்றிதழ்

இதை முடித்த பிறகு படியுங்கள், பாடம் சட்டென்று புரியும். தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம் (CAPM) தேர்வுக்குப் பள்ளிப் படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். அனுபவமுள்ளவர்களுக்கான பிஎம்பி-க்கு (PMP) பட்டதாரிகள் 36 மாதம் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். அது பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டியது. இரண்டையும் நடத்தும் பிஎம்ஐ (Project Management Institute) அமைப்புக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலையிலிருந்து தொடங்குங்கள். ஓஎம்ஆர் மென்பொருள் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரகடத்து வாகன ஆலைகளையும் 118.9 கிலோமீட்டர் நீளும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒப்பந்த நிறுவனங்களையும் பாருங்கள்.

படி 7: முதல் பெருமழையில் குடையோடு இறங்குங்கள்

தண்ணீர் தொட்டிக்குள் போகிறதா, தெருவுக்கு ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் திட்டம் முடிந்தது. கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், மீதியைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு தற்குறிப்பில் இரண்டு வரி சேருங்கள்: எத்தனை வீடு, எத்தனை வாரம், திட்டமிட்ட செலவு, ஆன செலவு, நாள் தவறிய இடம். அந்தக் கடைசி விவரத்தை மறைக்காதீர்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்பார்கள்.