விமானப்படையின் பலத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் விமானப்படை பற்றிப் பேச்சு வந்தாலே "எத்தனை விமானம் வச்சிருக்காங்க?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். பட்டியலில் உள்ள விமானங்களில் ஒரு பகுதி எப்போதும் பராமரிப்பில் கிடக்கும், இன்னொரு பகுதி பயிற்சிக்குப் போய்விடும், உடனே கிளம்பக்கூடியது மிச்சம் இருப்பதுதான்.

ஸ்குவாட்ரன்களை, அதாவது விமானப்படையின் அடிப்படைப் பிரிவுகளை, எண்ணுவதும் அதே வம்புதான். இந்தியாவில் ஒரு போர் விமான ஸ்குவாட்ரனுக்கு வழக்கமாக 18 விமானங்கள், அமெரிக்காவில் 24 கூட இருக்கும். ஸ்குவாட்ரனுக்கு மேலுள்ள விங், குரூப் என்ற பெரிய பிரிவுகளிலும் இதே குழப்பம்: பிரிட்டனில் விங்குக்கு மேலே குரூப், அமெரிக்காவில் விங்குக்குக் கீழே குரூப். பெயரை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அடுத்து, வான் பாதுகாப்பு முழுக்க விமானப்படையின் வேலை என்று நினைப்பது. அமெரிக்காவில் பேட்ரியாட் எனும் வான் பாதுகாப்பு ஏவுகணைகள் தரைப்படையிடம் இருக்கின்றன, இஸ்ரேலில் அயர்ன் டோம் எனும் ராக்கெட் தடுப்பு அமைப்பு விமானப்படையிடம், எகிப்தோ 1968-ல் வான் பாதுகாப்பைத் தனிப்படையாகவே பிரித்துவிட்டது.

ஏவுகணை பாயும் தூரத்தை வைத்து வரைபடத்தில் வட்டம் போட்டு, அதற்குள் வரும் எதையும் வீழ்த்திவிடலாம் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. பூமி உருண்டை, ரேடார் அலை அந்த வளைவோடு முழுசாக வளைந்து போகாது. 16 மீட்டர் கம்பத்தில் ரேடார் இருந்து, எதிரி விமானம் 100 மீட்டர் உயரத்தில் வந்தால், சமதரையில்கூட 60 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். 400 கிலோமீட்டர் ஏவுகணை கையில் இருந்தும் அங்கே பெரிதாகப் பயனில்லை. மேலேயிருந்து பார்க்கும் ரேடார் விமானத்தின் தகவல் அந்த ஏவுகணைப் பிரிவுக்கு நேராக வந்து சேர்ந்தால் கதை வேறு.

தகவல் போகும் வழியைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. 1940-ல் ஜெர்மனியின் விமானத் தாக்குதலை பிரிட்டன் தாக்குப்பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு: கடலோர ரேடார் சொன்னதையெல்லாம் ஓரிடத்தில் சரிபார்த்து, குரூப்புக்கும் அதன் கீழுள்ள செக்டர் என்ற வட்டாரப் பிரிவுக்கும் அனுப்பி, அங்கிருந்து ரேடியோவில் விமானிக்கு உத்தரவு போனது.

அந்த வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 ஏப்ரல் 14 உதாரணம். வட இராக்கில் அமெரிக்காவின் எஃப்-15 விமானங்கள் இரண்டு, சொந்தத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின, 26 பேர் இறந்தார்கள். அவாக்ஸ் ரேடார் விமானமும் அப்போது வானில்தான் இருந்தது. விமானிகள் ஹெலிகாப்டர்களை எதிரியுடையது என்று தவறாக அடையாளம் கண்டார்கள். அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும், நம்முடைய விமானம்தான் என்று மின்னணு முறையில் காட்டும் அடையாளக் குறியீட்டை மாற்ற வேண்டும் என்ற விஷயமோ ஹெலிகாப்டர்காரர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.