பிசிபி ஏர் ரைஃபிளை வீட்டிலேயே பிரிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசியில் ஒருநாள் இரவு என் பிசிபி ரைஃபிளில், அதாவது உயர் அழுத்தக் காற்றை முன்பே சிலிண்டரில் நிரப்பி வைத்துச் சுடும் ஏர் ரைஃபிளில், காற்றழுத்தம் 180 பார் இருந்தது. காலையில் பார்த்தால் 150. முந்தின நாள்தான் காற்று நிரப்பும் முனையில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றியிருந்தேன். புது ஓ-ரிங், அளவும் சரி. காற்றை இறக்கிவிட்டுத் திரும்பக் கழற்றி, ஜன்னலோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பள்ளத்துக்குள் ஒரு வெள்ளை நூலிழை கிடந்தது. துடைத்த பழைய பனியன் துணியிலிருந்து வந்தது. காற்று கசிய அந்த ஓர் இழையே போதுமாக இருந்தது.

பிசிபியில் வரும் கோளாறுகளில் பாதி இப்படி நம் கையால் வருபவைதான். பனியன் துணி வேண்டாம். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி நல்லது. ஓ-ரிங்கைக் கிளப்ப ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் கசிவு நிற்காது. சென்னைப் பாரிமுனையில் ஓ-ரிங் வாங்கும்போது உள்விட்டமும் தடிமனும் மட்டும் சொன்னால் போதாது, கடினத்தன்மையையும் கேளுங்கள். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில், சாதாரணமாகக் கிடைப்பது 70. உயர் அழுத்தம் தாங்கும் இடங்களுக்குப் பெரும்பாலும் 90 தேவைப்படும்.

இனிச் சொல்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காற்றை முழுதாக இறக்காமல் ஒரு திருகையும் தொடாதீர்கள். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். இங்கே இருப்பது அதைப் போல நூறு மடங்கு. மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், முள் சிக்கியிருக்கலாம். ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) உள்ள ரைஃபிளில் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள அறையில் காற்று தங்கியிருக்கலாம். கையேட்டில் சொன்ன முறைப்படி காற்றை இறக்குங்கள். அப்புறம் உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பி இரண்டு மூன்று முறை விசையை அழுத்துங்கள். காற்று வெளியேறும் சத்தம் துளியும் வராத பிறகுதான் கருவிப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே என்று வீட்டில் இருப்பதை எடுத்து நிரப்பும் முனையில் விடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று சட்டென்று அழுந்தும்போது சூடாகும். அந்தச் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய் டீசல் எஞ்சினில் நடப்பதுபோலத் தீப்பற்றும். உயர் அழுத்தக் காற்று படும் இடங்களில் சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் ஓ-ரிங் மினுங்கும் அளவுக்கு. இதே காரணத்தால், கேஸ் கடையில் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது.

சென்னைக்காரர்களுக்கு ஈரம்தான் தனிக் கவலை. கடற்காற்றில் இருக்கும் ஈரத்தையும் கைப்பம்பு சேர்த்துத்தான் உள்ளே தள்ளுகிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்பும் சேரும். ஈரம் சிலிண்டருக்குள் நீராகத் தங்கினால் உட்சுவர் அரிக்கும், வால்வு கெடும். பம்பின் காற்று வடிகட்டியில் உள்ள சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஐம்பது அறுபது இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றி, பம்ப் ஆறிய பிறகு தொடருங்கள். மழைக் காலத்தில் துப்பாக்கியை நுரைப் பெட்டியில் மூடி வைக்காதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வேகமாக நிரப்பினால் உள்ளே காற்று சூடாகி மீட்டர் 200 காட்டும், ஆறியதும் குறையும். அது கசிவு அல்ல. அரை மணி நேரம் கழித்துக் குறித்து வைத்து, மறுநாள் ஒப்பிடுங்கள். அப்போதும் இறங்கினால் சோப்பு நுரையைத் தூரிகையால் இணைப்புகளில் தடவிப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் நிறுத்திய காருக்குள் ரைஃபிளை விடுவதும் தவறு. 25 டிகிரியில் 200 பார் இருந்த காற்று, 60 டிகிரியில் சுமார் 223 பாருக்கு ஏறும்.

டியூனிங் என்றதும் பலர் ஹேமர் ஸ்பிரிங்கை, அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலைத் தள்ளும் சுருள்வில்லை, இறுக்குகிறார்கள். வால்வு கூடுதல் நேரம் திறந்து காற்று வீணாகும், சத்தம் கூடும். ஓர் எல்லைக்கு மேல் வேகம் ஏறவே ஏறாது. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் இல்லாமல் அந்த ஸ்பிரிங்கின் திருகைத் தொடாதீர்கள். முதலில் பத்து ஷாட் வேகத்தை எழுதி வையுங்கள், பிறகு கால் சுற்று, மறுபடி பத்து ஷாட். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். போட்டி ரைஃபிள்கள் விநாடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் சுடுகின்றன. குண்டின் ஆற்றல் 8 ஜூல்கூட இல்லை. பத்து மீட்டர் போட்டியில் வேண்டியது வேகம் அல்ல, ஒவ்வொரு ஷாட்டும் ஒரே மாதிரி இருப்பது. சட்டமும் இருக்கிறது: குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ, பேரலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ உரிமம் வேண்டும்.

குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறினால், திருகைத் தொடும் முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். பேரலைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஃபெல்ட் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்.

பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுதான் கணக்கு. அது கடந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.