ஆபீஸ் பிசில ஆட்டோ அப்டேட்டை நம்ம கைக்குள்ள கொண்டு வர்றது எப்படி?

ஒரு திங்கக்கிழமை காலைல பில்லிங் சாஃப்ட்வேர் ஓபனே ஆகல, சர்வர் வெர்ஷன் பொருந்தலன்னு ஒரு குட்டி பாக்ஸ் மட்டும் வருது. ராத்திரி கிளையண்ட் (ஒவ்வொரு பிசிலயும் இருக்குற பில்லிங் ஆப்) தானா அப்டேட் ஆகியிருக்கு, அது பேசுற சர்வர் பழசுலயே நிக்குது, 12 பேர் என் மூஞ்சியையே பாக்குறாங்க. கோவத்துல எல்லா பிசிலயும் அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டேன். அது இன்னும் பெரிய தப்பு. 2017 மே மாசம் ஃபைலை எல்லாம் பூட்டிட்டு காசு கேக்குற வான்னாக்ரை வைரஸ் பரவுச்சே, அதைத் தடுக்குற பேட்ச் (ஓட்டையை அடைக்குற அப்டேட்) மார்ச்லயே வந்துருச்சு, போடாம விட்ட மெஷின்தான் பெரும்பாலும் மாட்டுச்சு. அதனால நிறுத்த வேணாம், எந்த பிசிக்கு எப்போன்னு மட்டும் நாம முடிவு பண்ணுவோம்.

ஸ்டெப் 1: என்னென்ன ஆப் இருக்குன்னு லிஸ்ட் எடுங்க. கமாண்ட் விண்டோல winget listனு அடிச்சா வெர்ஷனோட வரும். ஒவ்வொண்ணும் எங்க இன்ஸ்டால் ஆகியிருக்குன்னும் பாருங்க. யூசரோட ஆப்டேட்டா (AppData) ஃபோல்டர்ல இருந்தா அட்மின் பாஸ்வேர்டே கேக்காம அதுபாட்டுக்கு அப்டேட் ஆகிக்கும், அந்த மாதிரி ஆப்பை எடுத்துட்டு எல்லா யூசருக்கும் பொதுவான எம்எஸ்ஐ (.msi ஃபைல்) இன்ஸ்டாலர் இருந்தா அதைப் போட்டுருங்க.

ஸ்டெப் 2: ரெண்டு பிசியை டெஸ்ட்டுக்கு ஒதுக்குங்க. ஒண்ணு உங்களோடது, இன்னொண்ணு தினமும் பில் போடுறவங்களோடது (நாம கிளிக் பண்ணாத பட்டனை எல்லாம் அவங்கதான் கிளிக் பண்ணுவாங்க). அங்க ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் மத்தவங்களுக்கு.

ஸ்டெப் 3: குரோம். கூகுள் தர்ற பாலிசி டெம்ப்ளேட்டை இறக்கி பாலிசி டெஃபினிஷன்ஸ் ஃபோல்டர்ல போட்டா குரூப் பாலிசி எடிட்டர்ல (பிசிக்கு விதி போடுற விண்டோஸ் டூல்) கூகுள் அப்டேட்னு ஒரு பிரிவு வரும். புது வெர்ஷன்ல சிக்கல்னா, அதுல குரோமுக்கு டார்கெட் வெர்ஷன் ப்ரீஃபிக்ஸ்ல உதாரணத்துக்கு 138னு போட்டு கடைசில ஒரு புள்ளியும் வச்சா 138ஐ தாண்டாது, அதுக்குள்ள வர்ற சின்ன ஃபிக்ஸ் மட்டும் வரும். சிக்கல் தீர்ந்ததும் மறக்காம எடுத்துருங்க, இல்லன்னா செக்யூரிட்டி ஃபிக்ஸ் எதுவும் வராம அங்கேயே நின்னுரும். டொமைன்ல (ஆபீஸ் பிசியை எல்லாம் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்குற நெட்வொர்க்) சேராத வீட்டு பிசில இதெல்லாம் எடுபடாது.

ஸ்டெப் 4: மைக்ரோசாஃப்ட் 365ன்னா (வேர்டு, எக்செல் எல்லாம்) சேனலை, அதாவது அப்டேட் எவ்ளோ அடிக்கடி வரணும்ங்குற செட்டிங்கை, மாத்தினாலே போதும். மன்த்லி என்டர்பிரைஸ் சேனல் மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டாவது செவ்வாய்க்கிழமைதான் புது வசதிகளை விடும். எப்போ வரும்னு தெரிஞ்சுட்டாலே பாதி நிம்மதி.

ஸ்டெப் 5: புதுசு சொதப்பினா பழசுக்கே திரும்பணும்ல, அதனால பழைய இன்ஸ்டாலரை அழிக்காதீங்க, வெர்ஷன் நம்பரோட ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. ஆனா பில்லிங் மாதிரி டேட்டாபேஸோட பேசுற கிளையண்டுக்கு இது மட்டும் பத்தாது. சிலது முதல் தடவை ஓபன் ஆகும்போதே டேபிளை எல்லாம் புது வெர்ஷனுக்கு மாத்திடும், அப்புறம் பழைய கிளையண்டைப் போட்டாலும் திறக்காது. அதுக்கு சர்வர், கிளையண்ட் ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல, டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து அது ரீஸ்டோர் ஆகுதான்னு பாத்துட்டு அப்டேட் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேணாம்.